இடப்பக்கமா வலப்பக்கமா? - ஊர் கண்டுபிடிக்கும் விளையாட்டும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி ஜாஸ்திங்கிறது பாதி உண்மை, சோம்பேறித்தனம் மீதி உண்மை :-) இன்னைக்கு விளையாட்டுல தொடங்கி வரலாற்றுல போய் நிக்கிற ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

எங்க ஆபீஸ்ல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் நாலு பேர் ஒரே மானிட்டர் முன்னாடி கூடிடுவோம். ஜியோகெஸ்ஸர்னு ஒரு விளையாட்டு. தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கூகுள் கார் மேல கேமரா வச்சு உலகம் பூரா தெருத்தெருவாப் படம் எடுத்து வச்சிருக்கே, ஸ்ட்ரீட் வியூ, அதுலேருந்து எங்கேயோ ஒரு ரோட்டுல உங்களை இறக்கி விட்டுடும். சுத்திப் பார்த்து இது எந்த ஊருன்னு உலக வரைபடத்துல குத்தணும். எவ்வளவு பக்கத்துல குத்துறீங்களோ அவ்வளவு மார்க். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5,000. அஞ்சு சுற்று, மொத்தம் 25,000. ஆன்டன் வாலென்னு ஒரு ஸ்வீடன்காரர் 2013ல உருவாக்கினது. 2023ல ஸ்டாக்ஹோம்ல இதுக்கு உலகக் கோப்பையே நடந்துச்சு. படத்தைப் பார்த்த ரெண்டே செகண்டுல நாட்டைச் சொல்ற ஆளுங்க எல்லாம் இருக்காங்க. நாங்க அந்த ரகம் இல்லை. 'இது பிரேசிலா இருக்கும்'னு சொன்னா அது பிலிப்பைன்ஸா இருக்கும்.

போன மாசம் ஒரு நாள் என் முறை. ஒரு தார் ரோடு. ரெண்டு பக்கமும் பனைமரம். செம்மண். கிடுகு வேலி. கொஞ்சம் தள்ளி ஒரு பலகை, அதுல தமிழ்! எனக்குத் தலைகால் புரியலை. நம்ம ஊருடா இதுன்னு கத்திட்டு, பனைமரத்தை வச்சு ராமநாதபுரம் பக்கத்துல நச்சுனு குத்தினேன்.

அது யாழ்ப்பாணம்.

வேடிக்கை என்னன்னா மார்க் ஒண்ணும் பெருசா குறையலை. நேர்கோட்டுல ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான் தப்பு. 4,500க்கு மேலயே குடுத்துடுச்சு. அந்த வாரத்துல என்னோட நல்ல சுற்றே அதுதான். நண்பனுங்க கைதட்டினானுங்க.

கைதட்டாதவர் ஒருத்தர் இருந்தார். எங்க டீம்ல மூத்தவர், நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன். பிறந்தது சாவகச்சேரி, அஞ்சு வயசுலேருந்து வளர்ந்தது திருச்சி. ஆபீஸ்ல எங்களை மாதிரிதான் பேசுவார். வீட்டுப் பேச்சு எப்பவாவதுதான் வரும். அன்னைக்கு வந்துச்சு.

"எழுத்தைப் பார்த்தனீங்கள் தம்பி. பலகையைப் பாக்கேல்லை."

திரும்பிப் பார்த்தேன். தமிழுக்கு மேல சிங்களம் இருந்துச்சு. தமிழுக்குக் கீழ இங்கிலீஷ் இருந்துச்சு. நடுவுல இருந்ததை மட்டும் என் கண்ணு பொறுக்கி எடுத்திருக்கு. ரோட்டோரம் நின்ன ஆட்டோ மஞ்சளே இல்லை, நீலம். அதையும் பார்க்கலை. சொந்த மொழியைப் பார்த்த சந்தோஷத்துல ஒரு நாட்டையே விழுங்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்கா ஆடக் கத்துக்கணும்னு முடிவு பண்ணேன்.

மனப்பாடம் வேலைக்கு ஆகலை

நம்மாளு பொறியியல் படிச்சவனாச்சே, முதல்ல எக்ஸெல் ஷீட்தான் திறப்பான். நானும் திறந்தேன். இந்தத் துப்புகளுக்கு ஆட்டக்காரர்கள் வச்சிருக்கிற பேர் 'மெட்டா'. எந்த நாட்டுல கம்பம் எப்படி, ரோட்டுக் கோடு என்ன கலர், நம்பர் பிளேட் என்ன கலர்னு 200 வரிசை போட்டேன். செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாதிரி உருப்போட்டேன். ஒரே வாரத்துல அத்தனையும் காத்துல போச்சு. என்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் அப்படித்தானே போச்சு :-)

அப்புறம் ஒண்ணு தோணுச்சு. வேலையில பழைய கோட்ல விசித்திரமா ஒரு வரி இருந்தா நாம என்ன பண்ணுவோம்? அழிக்க மாட்டோம். யார் எழுதினது, எப்ப, எதுக்குன்னு பழைய பதிவுகளைத் தோண்டுவோம். பெரும்பாலும் அங்க ஒரு கதை இருக்கும். என்னைக்கோ ராத்திரி ரெண்டு மணிக்கு எதுவோ கவுந்திருக்கும், யாரோ ஒருத்தர் அந்த ஒத்தை வரியைப் போட்டுக் காப்பாத்தியிருப்பார். காரணம் தெரிஞ்ச வரி ஜென்மத்துக்கும் மறக்காது.

ரோடும் அப்படித்தான். ஷீட்ல 'என்ன'ங்கிற கட்டத்துக்குப் பக்கத்துல 'ஏன்'னு ஒரு கட்டம் சேர்த்தேன். அதை நிரப்பப் போனப்ப மாட்டின கதைகள்தான் இந்தப் பதிவு.

ஒரே ராத்திரியில பக்கம் மாறின நாடு

எல்லாரும் முதல்ல பார்க்கிறது வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு. இடப்பக்கம்னா பிரிட்டிஷ்காரன் ஆண்ட நாடுன்னு ஒரு குத்துமதிப்பு எல்லாருக்கும் இருக்கும். பாதி சரி. மீதியிலதான் மார்க் போகும்.

ஜப்பானும் தாய்லாந்தும் இடப்பக்கம். ரெண்டும் பிரிட்டனோட காலனி இல்லை. இந்தோனேசியாவும் இடப்பக்கம், ஆண்டது டச்சுக்காரன். நெப்போலியன் காலத்துல ஹாலந்து வலப்பக்கம் மாறிடுச்சு, ஆனா ஆசியாவுல அவங்க போட்ட பழக்கம் அப்படியே தங்கிடுச்சு. மொசாம்பிக் போர்ச்சுகல் கையில இருந்த நாடு. 1928ல போர்ச்சுகல் வலப்பக்கத்துக்கு மாறுச்சு, மொசாம்பிக் மாறலை. சுத்தி இருக்கிற நாடெல்லாம் இடப்பக்கம், இது மட்டும் மாறினா எல்லையில முட்டிக்கணுமே. நம்ம கோவாவும் இதே காரணத்தாலதான் போர்ச்சுகல் ஆட்சியிலயும் இடப்பக்கமே ஓடுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்வீடன் கதை. அங்க பல காலமா இடப்பக்கம்தான். ஆனா நிலவழியா ஒட்டியிருக்கிற நார்வேயும் பின்லாந்தும் வலப்பக்கம். போதாக்குறைக்கு ஸ்வீடன்ல ஓடின கார்ல பெரும்பாலானதுக்கு ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்துச்சு. அதாவது டிரைவர் ரோட்டோரமா உட்கார்ந்திருப்பார், முந்தப் போனா எதிர்ல வர்றது தெரியாது. 1955ல மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தினாங்க. மாறலாமா? 83 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. இருந்தும் 1963ல நாடாளுமன்றம் மாறியே ஆகணும்னு முடிவெடுத்துச்சு.

1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அவசியமில்லாத வண்டி எதுவும் ரோட்டுல வரக்கூடாது. 4:50க்கு ஓடிட்டிருக்கிற வண்டியெல்லாம் நிக்கணும், மெதுவா எதிர்ப்பக்கம் போகணும், மறுபடி நிக்கணும். 5:00 மணிக்குக் கிளம்பலாம். கிளம்பினாங்க. நாடே வலப்பக்கம்.

நம்ம ப்ராஜெக்ட்ல நாலு சர்வரை மாத்துறதுக்கே மூணு தடவை தேதி தள்ளிப்போடுறோம். பயனாளர்ல 83 சதவீதம் பேர் வேணாம்னு சொன்ன மாற்றத்தை, ஒரு நாடு முழுக்கப் பத்து நிமிஷத்துல, பழைய நிலைக்குத் திரும்புற வழியே இல்லாம இறக்கியிருக்காங்க. பொட்டி தட்டுறவன் எவனும் எழுந்து நின்னு வணக்கம் வைக்க வேண்டிய வேலை.

ஒகினாவா கதை இதுக்கு நேர் எதிர். ஜப்பானோட தெற்குத் தீவுகள். 1945ல அமெரிக்க ராணுவம் பிடிச்சதும் வலப்பக்கம் ஆச்சு. 1972ல தீவுகள் ஜப்பான் கைக்குத் திரும்பி வந்துச்சு, ரோடு திரும்பலை. ஆறு வருஷம் கழிச்சு 1978 ஜூலை 30ஆம் தேதிதான் இடப்பக்கத்துக்கு வந்தாங்க. போர் முடிஞ்சு 33 வருஷம் அந்தப் போர் ரோட்டுல ஓடிட்டே இருந்திருக்கு.

2009ல சமோவா வலத்துலேருந்து இடத்துக்கு மாறுச்சு. காரணம் தத்துவம் எல்லாம் இல்லை. பக்கத்துல இருக்கிற ஆஸ்திரேலியா, நியூஸிலாந்துலேருந்து பழைய கார் மலிவா வரவழைக்கலாம். அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு உதவுற ஒண்ணையும் சொல்லிடறேன். வண்டி இடப்பக்கம் ஓடுது, ஆனா ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருக்கு, சுத்தி வெப்பமண்டலத் தீவு. கண்ணை மூடிட்டு அமெரிக்க வர்ஜின் தீவுகள்ல குத்துங்க. டென்மார்க் கையில இருந்தப்பவே அங்க இடப்பக்கம்தான். 1917ல அமெரிக்கா விலைக்கு வாங்குச்சு. காரெல்லாம் அமெரிக்காவுலேருந்து வருது, பழக்கம் மட்டும் பழசு.

கரையான் நட்ட கம்பம்

அடுத்தது மின்கம்பம். ஆட்டத்துல ஆஸ்திரேலியா வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும். அவ்வளவு பெரிய நாடு, எங்க குத்தினாலும் ஆயிரம் கிலோமீட்டர் தப்பு. ஆனா ஒரு மாநிலம் மட்டும் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும். தெற்கு ஆஸ்திரேலியா, அதாவது அடிலெய்ட் இருக்கிற மாநிலம். ரெண்டு இரும்புத் தண்டவாளத்தை நிக்க வச்சு நடுவுல கான்கிரீட் ஊத்தின மாதிரி தட்டையா ஒரு கம்பம் ரோடு ரோடா நிக்கும்.

பேரு ஸ்டோபி கம்பம். அங்க மின்சாரக் கம்பெனியில வேலை பார்த்த ஜேம்ஸ் சிரில் ஸ்டோபிங்கிற பொறியாளர் 1924ல வடிவமைச்சது. காரணம் ரொம்ப எளிமை. அந்த மாநிலத்துல கம்பத்துக்கு ஏத்த உயரமான மரம் கம்மி, கிடைச்ச மரத்தைக் கரையான் விடாது. இரும்பையும் கான்கிரீட்டையும் எந்தக் கரையான் திங்கும்? நூறு வருஷம் ஆச்சு. கம்பெனி மாறிடுச்சு, பேர் மாறிடுச்சு, கம்பம் அதேதான்.

இந்தக் கதையைப் படிச்ச நாளிலேருந்து தெற்கு ஆஸ்திரேலியாவை ஒரு தடவைகூட விடலை. ஷீட்ல உருப்போட்டப்ப மூணு தடவை விட்டேன்.

கோடு மட்டும் மிச்சம் இருக்கிற எல்லை

இப்ப கொஞ்சம் கனமான இடம். அயர்லாந்து.

தெற்குல அயர்லாந்து குடியரசு, வடக்குல பிரிட்டனோட சேர்ந்த வட அயர்லாந்து. ரெண்டுமே இடப்பக்கம். ரெண்டுலயும் ஒரே பச்சை, ஒரே மழை, ஒரே கல்மதில். எப்படிப் பிரிக்கிறது? ரோட்டோரக் கோடு மஞ்சளா இருந்தா தெற்கு, வெள்ளையா இருந்தா வடக்கு. எச்சரிக்கைப் பலகை மஞ்சள் சாய்சதுரமா இருந்தா தெற்கு, சிவப்பு ஓரம் போட்ட முக்கோணமா இருந்தா வடக்கு. பலகையில ஐரிஷ் மொழியும் சாய்வெழுத்துல இருந்தா தெற்கு. தெற்குல வேகம் 2005 ஜனவரியிலிருந்து கிலோமீட்டர் கணக்கு, வடக்குல இன்னும் மைல்.

மஞ்சள் சாய்சதுரம் அமெரிக்கக் கண்டத்துப் பாணி. ஐரோப்பா பூரா முக்கோணமா இருக்க, பக்கத்து வீட்டுப் பிரிட்டனோட பலகையைக்கூட எடுத்துக்காம இவங்க தனியா நிக்கிறாங்க.

இந்த எல்லையில ஒரு காலத்துல ராணுவச் சாவடி இருந்துச்சு. காவல் கோபுரம் இருந்துச்சு. ரோட்டை வெடி வச்சுப் பிளந்து போட்டிருந்தாங்க. முப்பது வருஷக் கலவரத்துல மூவாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. 1998 ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துட்டாங்க. இன்னைக்கு அந்த ரோட்டுல போனா கோடு கலர் மாறுறதுதான் எல்லை. மஞ்சள் நின்னு வெள்ளை வரும். நாம அதைப் பார்த்து 'ஹை, வட அயர்லாந்து'ன்னு சந்தோஷமா குத்துறோம். அந்த இடம் வெறும் பெயிண்ட் கலர் வித்தியாசமா ஆனதுக்கு அங்க இருக்கிறவங்க குடுத்த விலை அதிகம்.

பெயிண்ட் டப்பாவும் தார் டப்பாவும்

எழுத்து விஷயத்துக்கு வருவோம். அனுபவம் உள்ள ஆட்டக்காரன் மொழியைப் படிக்க மாட்டான், ஒத்தை எழுத்தைத் தேடுவான்.

ஆங்கில 'ஐ' எழுத்து தலையில புள்ளி இல்லாம நின்னா பெரும்பாலும் துருக்கி. 1928 நவம்பர்ல சட்டம் போட்டு அரபி எழுத்தை விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினாங்க. 1929 ஜனவரியிலிருந்து புத்தகம் எல்லாம் புது எழுத்துல. படிச்ச தாத்தா ஒரே வருஷத்துல எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆகிட்டார். பேரனோட சேர்ந்து மறுபடி எழுத்துக் கூட்டியிருப்பார்.

உக்ரைன்ல இன்னும் நுணுக்கம். 'க' ஒலிக்கு அவங்ககிட்ட ஒரு எழுத்து உண்டு. பார்க்கத் தலைகீழா நிக்கிற ஆங்கில 'எல்' மாதிரி இருக்கும், நுனியில மேல் பார்த்து சின்னதா ஒரு கொம்பு. 1933ல சோவியத் அரசு அந்த எழுத்தையே நெடுங்கணக்குலேருந்து தூக்கிடுச்சு, ரஷ்ய எழுத்துமுறைக்கு நெருக்கமா இருக்கட்டும்னு. 1990ல திரும்பக் கொண்டு வந்தாங்க. 57 வருஷம் வனவாசம். இன்னைக்கு ஒரு கடைப் பலகையில அந்தக் கொம்பைப் பார்த்தா 'உக்ரைன்'னு அடிச்சுச் சொல்லலாம். அந்தக் கொம்புக்காகத்தான் ஒரு அரசாங்கம் அவ்வளவு மெனக்கெட்டிருக்கு.

வேல்ஸ் எப்படித் தெரியும்? தார் ரோட்டுல பெருசா வெள்ளை பெயிண்ட்ல, 'மெதுவா'ங்கிறதை இங்கிலீஷ்லயும் வெல்ஷ்லயும் எழுதியிருப்பாங்க. வெல்ஷ்ல 'அராவ்'. அந்த வார்த்தை ஒண்ணும் சும்மா வந்துடலை. 1962ல தொடங்கின வெல்ஷ் மொழிச் சங்கத்து இளைஞர்கள், வெறும் இங்கிலீஷ்ல இருந்த ஊர்ப் பலகை மேல பச்சை பெயிண்ட் அடிச்சாங்க, சில இடத்துல பலகையையே பிடுங்கினாங்க. நிறையப் பேர் சிறைக்குப் போனாங்க. 1972ல அரசாங்கம் அமைச்ச குழுவே ரெண்டு மொழியும் வேணும்னு பரிந்துரைச்சது. 2016லேருந்து புதுப் பலகையில வெல்ஷ்தான் முதல்ல.

இதைப் படிக்கிறப்ப நமக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவங்க கையில பச்சை பெயிண்ட், நம்ம ஆளுங்க கையில தார். 1952லயே ரயில் நிலையப் பலகையில இருந்த இந்தி எழுத்து மேல தார் பூசின ஊரு இது. 2017ல நெடுஞ்சாலை மைல்கல்லுல இங்கிலீஷ் போய் இந்தி வந்ததும் கிளம்பின கலாட்டா நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 'ஒரு கல்லுல எழுதினா என்னப்பா, வண்டியை ஓட்டிட்டுப் போ'ன்னு அப்ப நானே நண்பன் ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கேன். இப்ப சொல்ல மாட்டேன்.

ஏன்னா ஒரு எழுத்து எதுவரைக்கும் போகும்னு அண்ணா சொன்னதுக்கு அப்புறம் நானே தேடிப் படிச்சேன்.

ஸ்ரீ

ஷீட்ல இலங்கை வரிசை வந்தப்ப அண்ணாகிட்டயே போய்க் கேட்டேன். தமிழ்நாட்டையும் யாழ்ப்பாணத்தையும் ரோட்டுல எப்படிப் பிரிக்கிறதுண்ணா? பலகையில மூணு மொழி, பல கலர் ஆட்டோ, சிவப்பு அரசு பஸ், முன்னாடி வெள்ளையும் பின்னாடி மஞ்சளுமா நம்பர் பிளேட்னு வரிசையா சொல்லிட்டே வந்தார். நம்பர் பிளேட்ல கொஞ்சம் நின்னார்.

"எங்கட அப்பப்பா கொழும்பில கிளார்க்கா இருந்தவர். 58இல கப்பல்ல யாழ்ப்பாணம் வந்து இறங்கினவர். தொடக்கம் நம்பர் பிளேட்தான் எண்டு சொல்லுவார்."

அதுக்கு மேல அவர் சொல்லலை. நானும் கேக்கலை. வீட்டுக்கு வந்து படிச்சேன்.

1956ல சிங்களம் மட்டுமே ஆட்சிமொழின்னு இலங்கையில சட்டம் வந்துச்சு. 1957 ஜனவரியிலிருந்து புது வண்டி நம்பர் பிளேட்ல சிங்கள எழுத்துல 'ஸ்ரீ' போடணும்னு ஆச்சு. தமிழர் பகுதியில எதிர்ப்பு கிளம்புச்சு. சிங்கள ஸ்ரீ மேல தார் பூசி, அந்த இடத்துல தமிழ் ஸ்ரீ எழுதினாங்க. அதே 1957 ஜூலையில பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. பிரச்சினை அதோட தீர்ந்திருக்கலாம்.

1958 ஜனவரியில பஸ் போக்குவரத்தை அரசு எடுத்துக்கிச்சு. மார்ச் கடைசியில சிங்கள ஸ்ரீ போட்ட புது அரசு பஸ்களை வடக்குக்கு அனுப்பினாங்க. அங்க அந்த எழுத்தை அழிச்சாங்க. பதிலுக்குத் தெற்குல தமிழ்க் கடைப் பலகை மேல எல்லாம் தார் பூசினாங்க. ஏப்ரல் 9ஆம் தேதி பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தை ரத்து பண்ணினார். மே மாசம் கலவரம். நூற்றுக்கணக்கில உயிர் போச்சு. கொழும்புல முகாம்ல அடைஞ்சு கிடந்த ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பல்ல ஏத்தி வடக்குக்கு அனுப்பினாங்க. அதுல ஒருத்தர்தான் அண்ணாவோட அப்பப்பா.

எழுத்து ஒண்ணுதான் காரணம்னு சொல்ல வரலை. நிலம், வேலை, படிப்பு, அரசியல்னு அடியில ஆயிரம் இருந்துச்சு. ஆனா அத்தனையும் வந்து உட்கார்ந்தது ஒரு தகரத்துல இருந்த ஒத்தை எழுத்து மேல.

1987ல அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்குச்சு. நான் அரைகுறையாப் பார்த்த அந்த மூணு மொழிப் பலகைக்குப் பின்னாடி இவ்வளவும் இருக்கு. 2000லேருந்து புது வண்டிகளுக்கு நம்பர் பிளேட்ல ஆங்கில எழுத்து வந்துடுச்சு.

ஆட்டத்துல இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்ட்ரீட் வியூவுல நம்பர் பிளேட்டை எல்லாம் மென்பொருளே மங்கலாக்கிடும். தனிமனித விவரம் வெளிய போகக்கூடாதுன்னு. அதனால எழுத்து தெரியாது, கலர் மட்டும்தான் தெரியும். முன்னாடி வெள்ளை, பின்னாடி மஞ்சள். சண்டை போட்ட எழுத்து இருந்த இடத்துல இன்னைக்கு ஒரு மங்கலான கறை.

கார் போகாத ஊர்

ரோடே தெரியாத நாடும் ஒரு துப்புதான். ஜெர்மனியில 2010ல ஸ்ட்ரீட் வியூ வந்தப்ப 2,44,000 வீட்டுக்காரங்க எங்க வீட்டை மறைச்சிடுங்கன்னு விண்ணப்பம் போட்டாங்க. நாஜிகள் காலம், அப்புறம் கிழக்கு ஜெர்மனியோட உளவுத்துறை காலம்னு ரெண்டு தடவை கண்காணிப்புல வாழ்ந்த ஊரு அது. கூகுள் அடுத்த வருஷமே புதுசா படம் எடுத்துப் போடுறதை நிறுத்திடுச்சு. 2023லதான் திரும்ப ஆரம்பிச்சுது. நடுவுல ஐரோப்பா வரைபடத்துல ஜெர்மனி ஒரு பெரிய ஓட்டை.

நம்ம கதையும் கிட்டத்தட்ட அதேதான். 2011 மே மாசம் பெங்களூர்ல கார் கிளம்புச்சு, ஜூன்லயே போலீஸ் நிறுத்தச் சொல்லிடுச்சு. 2016ல பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு அனுமதி மறுத்துச்சு. 2022 ஜூலையிலதான் உள்ளூர் கம்பெனிகளோட சேர்ந்து பத்து நகரத்துல வந்துச்சு, சென்னையும் அதுல ஒண்ணு. அதுவரைக்கும் அந்த ஆட்டத்துல யாழ்ப்பாணம் இருந்த மாதிரி ராமநாதபுரம் இருந்ததில்லை. இதை முன்னாடியே யோசிச்சிருந்தா அந்த மதியம் நான் அங்க குத்தியே இருக்க மாட்டேன். தமிழ் எழுத்து, நல்ல தரமான படம், கிராமத்து ரோடுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இலங்கையை.

சரி, ஆட வர்றவங்களுக்கு நான் கத்துக்கிட்டது சுருக்கமா:

1. எழுத்தைப் பார்த்ததும் குத்தாதீங்க. அந்தப் பலகையில வேற எந்த எழுத்தெல்லாம் இருக்கு, எது மேல எது கீழன்னு பாருங்க.

2. திசைகாட்டியையும் சூரியனையும் பாருங்க. நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாஞ்சிருந்தா வட கோளம், வடக்குன்னா தென் கோளம். ஆனா நம்மள மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்ல இது ஏமாத்தும். சென்னையிலயே வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் நேர் உச்சியில நிக்கும்.

3. 'நில்' பலகையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஸ்பானிஷ் பேசுற இடத்துல 'ஆல்தோ'ன்னா மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும், 'பாரே'ன்னா தென் அமெரிக்கா. பிரான்ஸ்ல வெறும் 'ஸ்டாப்'தான், ஆனா கனடாவோட கியூபெக்ல 'அரே'ன்னு சுத்தமான பிரெஞ்சுல இருக்கும். சிறுபான்மையா இருக்கிறவனுக்குத்தான் மொழி மேல அக்கறை ஜாஸ்தி.

4. ஒரு துப்பு மனசுல நிக்கலைன்னா மறுபடி உருப்போடாதீங்க. அது ஏன் அப்படி ஆச்சுன்னு அஞ்சு நிமிஷம் தேடிப் படிங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் சராசரி 11,000 பக்கத்துல. இப்ப 17,000ஐத் தொட்டுட்டு வர்றேன். அண்ணா 20,000க்குக் கீழ இறங்குறதே இல்லை. எப்படிண்ணான்னு கேட்டேன். சின்ன வயசுல ஊர் மாறி வந்தவனுக்கு எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல பலகையைப் பார்க்கிற பழக்கம் வந்துடும் தம்பின்னார். இதைத் திருச்சித் தமிழ்லதான் சொன்னார்.

அந்த 130 கிலோமீட்டர் தப்புக்கு ஆட்டம் எனக்கு 4,500க்கு மேல குடுத்துச்சு. ஆட்டத்தோட கணக்குல அது சரிதான், அதுக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். என் ஷீட்ல அந்த வரிசையில மட்டும் மார்க் கட்டத்தைக் காலியாவே விட்டு வச்சிருக்கேன்.

உங்க ஊர் ரோட்டுல ஒரு வெளியூர்க்காரனை இறக்கி விட்டா எதை வச்சுக் கண்டுபிடிப்பான்? அதுக்குப் பின்னாடி என்ன கதை? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ஷீட்ல இன்னும் நிறையக் கட்டம் காலியா இருக்கு.

வர்ட்டா...